இரும்புக்கையை வரைந்தவர்

வணக்கம் ஐயா,

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா தன்னுடைய பழைய காமிக்ஸ்களைச் சேர்த்து பைண்ட் செய்து வைத்திருந்த தொகுப்பு ஒன்று பரணில் கிடைத்தது. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி எல்லாரும் இருக்கிறார்கள். ஏழாவது படிக்கும் மகனுக்குக் கொடுக்கலாமா? மாயாவி மின்சாரத்தைத் தொட்டு மறைகிறார், ஸ்பைடரோ கொள்ளைக்காரன். படமெல்லாம் வெறும் கறுப்பு வெள்ளை, யாரோ வரைந்திருக்கிறார்கள். இந்தக் காலத்துப் பையனுக்குப் பிடிக்குமா?

க.

அன்புள்ள க.,

தாராளமாகக் கொடுங்கள். ஏழாவது படிக்கிற பையனுக்குக் கரண்ட்டைத் தொடக்கூடாது என்று தெரியும். ஸ்பைடர் போகப் போகத் திருந்திவிடுவார்.

ஆனால் 'யாரோ வரைந்திருக்கிறார்கள்' என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை என்னால் அப்படியே விட முடியாது. கொஞ்ச நாளாகவே இந்த 'யாரோ'தான் என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர் அது. நம் ஊரில் 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவிதான். அவர் மறைந்திருக்கும் ஒரு கட்டத்தை நிதானமாகப் பாருங்கள். ஆள் இல்லை. இரும்புக்கை மட்டும் தெரியும், மணிக்கட்டோடு சரி, அதற்கு மேல் வெற்றிடம். ஆனாலும் அவர் பதுங்குகிறாரா, பாய்கிறாரா என்று விரல்கள் மடங்கியிருக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். இதை வரைந்த மனிதரையா 'யாரோ' என்கிறீர்கள்?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்போது ஒரு தையல் கடை இருந்தது. மிஷினுக்கு அடியில் இதே மாதிரி ஒரு பைண்ட் புத்தகம் கிடக்கும். பட்டன் தைத்துக் கொடுத்தால் ஒரு கதை படிக்கலாம். கடைக்கார அண்ணன் வேலையில்லாத மத்தியானங்களில் பேண்ட் துணி வெட்டியதில் மிஞ்சிய கறுப்புத் துண்டை விரித்து, மார்க்கிங் சாக்பீஸால் அந்தக் கையை வரைவார். கட்டைவிரல் மட்டும் அவருக்குப் படியவே படியாது. தட்டி உதறிவிட்டு மறுபடி வரைவார். "யார்றா இதை வரைஞ்சது?" என்று கேட்பார். நாங்கள் அட்டையிலிருந்து அட்டை வரை தேடுவோம். இருந்தால்தானே! லண்டனில் வெளியான மூல இதழ்களிலேயே வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது. அண்ணன் கடைசி வரை அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

உங்கள் ஸ்பைடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர். அந்த உரிமையை 1938-இல் இருவரும் விற்ற விலை 130 டாலர். ஊர் ஊராகப் பணம் கொட்டிய நாயகனின் படைப்பாளிகள், தங்கள் பெயரை மறுபடி அச்சில் பார்க்கவும் ஓய்வூதியம் வாங்கவும் 1975 வரை போராட வேண்டியிருந்தது. இடையில் பிழைப்புக்காக சீகல் லண்டன் பத்திரிகைக்கு ஸ்பைடரை எழுதினார், அங்கேயும் பெயர் இல்லை.

நீங்கள் படித்தவர், பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ளவர். நீங்களே இப்படி எழுதலாமா?

ஒன்று செய்யுங்கள். பைண்டர் முன்னால் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருப்பார். அதில் பேனாவால் எழுதுங்கள். மாயாவி: படம் பிளாஸ்கோ, கதை கென் புல்மர், பிறகு டாம் டல்லி. ஸ்பைடர்: படம் ரெக் பன், கதை டெட் கவன், பிறகு சீகல். ஆர்ச்சியை வரைந்தவர் டெட் கியரன். சேர்த்து வைத்தவர் என்று உங்கள் அப்பா பெயரையும் எழுதுங்கள். அப்புறம் பையனிடம் கொடுங்கள்.

அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பாலக்கோடு பக்கம்தான், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.