ஒரே வீட்டில் இரண்டு குக்கர்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 43, கோவையில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு என் தம்பிக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டுச் சாப்பாட்டையே மாற்றிவிட்டேன். மைதா, வெள்ளைச் சர்க்கரை, பாக்கெட் தீனி எதுவும் வீட்டுக்குள் வராது. மாப்பிள்ளைச் சம்பா, வரகு, செக்கு எண்ணெய்தான். சாமைச் சோறு மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக வரும். சாப்பிடும் ஒவ்வொரு பிடிக்கும் நன்றி சொல்லி நேர்மையாக வாழ வேண்டும் என்பது என் ஆசை. இரவில் 600 ரூபாய்க்கு வாங்கிய ஒரு நோட்டில் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களை எழுதிவிட்டுத்தான் படுப்பேன். ஆனால் கணவர் தட்டை நகர்த்திவிட்டு பிரியாணி வரவழைக்கிறார். 14 வயது மகன் பள்ளி விட்டதும் பரோட்டா கடைக்குப் போகிறான். மாமியாருக்கு மட்டும் ரேஷன் அரிசி. 74 வயது, சர்க்கரை மாத்திரை போடுகிறார், இனிமேல் மாற்றி என்ன ஆகப்போகிறது? நம் அரிசி கிலோ 120 ரூபாய் வேறு. அதனால் அவருக்குத் தனிக் குக்கர். இத்தனைக்கும் நாகப்பட்டினம் பக்கம் சின்ன வயதில் நடவுக்குப் போனவர், அவருக்கே இதன் அருமை தெரியவில்லை. தானியத்தில் கல் பொறுக்கித் தருவது மட்டும் அவர்தான். கணவரையும் மகனையும் எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: சிறுதானியத்தைத் தொடாத கணவர், பரோட்டாவுக்கு ஓடும் மகன் என்று வாரத்துக்கு நாலு கடிதமாவது எனக்கு வருகிறது. அதனால் உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தை வேகமாகத்தான் தள்ளினேன். மாமியாரைப் பற்றிய வரிகள் வந்ததும் நின்றுவிட்டேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டி நகர முடியவில்லை.

தம்பிக்குச் சர்க்கரை என்றதும் உங்களுக்குப் பயம் வந்தது, சாப்பாட்டை மாற்றினீர்கள். சரி. உங்கள் வீட்டுக்குள்ளேயே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஒரே ஆள் யார்? அவருக்கு மட்டும் அந்த மாற்றம் இல்லை. இனிமேல் மாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறீர்கள். அடுத்த வரியிலேயே விலையும் வந்துவிடுகிறது. வயதுதான் காரணம் என்றால் விலையைச் சொல்லத் தேவையில்லை, விலைதான் காரணம் என்றால் வயதை இழுக்கத் தேவையில்லை. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால்தான் கேட்கிறேன்.

கணக்கையும் பார்த்துவிடலாம். அந்த வயதில் ஒருவர் எவ்வளவு சாப்பிட்டுவிடுவார்? இரண்டு வேளைக்கும் சேர்த்து 150 கிராம் அரிசி என்று வையுங்கள். மாதம் நாலரைக் கிலோ. உங்கள் விலைப்படி 540 ரூபாய். நன்றி எழுத வாங்கிய நோட்டின் விலையைவிட 60 ரூபாய் குறைவு.

ரேஷன் அரிசியை நான் இளக்காரமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த மாநிலத்தில் எத்தனையோ அடுப்பு எரிவது அந்த அரிசியால்தான். 2011 ஜூன் முதல் அது விலையில்லாமல் கிடைக்கிறது. அதிலும் புழுங்கல் அரிசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி வைட்டமின் கொஞ்சம் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. நூறு வருடத்துக்கு முன்னால் தீட்டிய பச்சரிசியே கதி என்று இருந்த ஊர்களில் கால் மரத்துப்போகும் பெரிபெரி நோய் பரவியபோது, புழுங்கல் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தது இதனால்தான். நாலு பேரும் ரேஷன் புழுங்கலைச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதியிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இருந்திருக்காது. மூன்று பேருக்கு ஒரு குக்கர், ஒருவருக்கு இன்னொரு குக்கர். அங்கேதான் வழக்கு.

போகிற போக்கில் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாமைச் சோறு மல்லிகைப்பூ மாதிரி வருகிறது என்று பெருமைப்பட்டிருக்கிறீர்கள். அப்படி வெள்ளையாக வந்தால் அதன் தவிட்டை மில்லிலேயே உரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். தீட்டாத சாமை மங்கலாக, பழுப்போடிக் கிடக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறல் அடிக்கும், அதனாலேயே கடைக்காரர்கள் தீட்டி விற்கிறார்கள். நீங்கள் கொடுத்த பணம் நார் குறைந்த சாமைக்குப் போயிருக்கிறது. கேழ்வரகில் இந்த வம்பு குறைவு. அதன் தோல் லேசில் உரியாது, தோலோடுதான் மாவாகும். 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி சுண்ணாம்புச் சத்து, விலையும் குறைவு. உங்கள் பட்டியலில் அது இல்லாதது எனக்கு ஆச்சரியம். விலை குறைவு என்பதாலேயே விட்டுப்போயிருக்குமோ?

இப்போது நடவு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மாமியாருக்கு 74 வயது. அப்படியானால் அவர் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கியது 1960-களின் நடுவில். நாகப்பட்டினத்தைச் சுற்றிய கீழத்தஞ்சையில் அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? குறுகிய நாளில் விளைகிற ஏ.டி.டி. 27 போன்ற புது நெல் அப்போதுதான் வயலுக்குள் வந்துகொண்டிருந்தது. நீங்கள் இன்று தேடி வாங்குகிற நீண்ட நாள் சம்பா வகைகள் மெல்ல ஒதுங்கத் தொடங்கின. விளைச்சல் கூடியது, வேலையும் கூடியது, கூலி நெல்லை மட்டும் கூட்டித் தர நிலக்காரர்களுக்கு மனம் வரவில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிப் போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அன்றைக்கு உங்கள் மாமியாருக்குப் பதினேழு வயதை ஒட்டி இருக்கும், அவர் ஊர் அந்தப் பக்கம்தான். அது அவர் காதில் விழாமல் இருந்திருக்குமா?

பாரம்பரிய அரிசி என்று நாம் இன்று உருகுகிறோம். அந்தப் பாரம்பரியத்தில் நட்டவர்கள் ஒரு கூட்டம், வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் இன்னொரு கூட்டம். மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டு இளவட்டக்கல் தூக்கிய மாப்பிள்ளையின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நெல்லுக்கு நாற்றுப் பிடுங்கிய பெண் ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்பதில்லை. முதுகு ஒடிய நடவு நட்ட அந்தப் பெண் ஐம்பது, அறுபது வருடம் கழித்து மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அந்த அரிசி அங்கே டப்பா டப்பாவாக இருக்கிறது. அதில் இருக்கிற கல்லை அவர்தான் பொறுக்குகிறார். சோறு வெந்ததும் அவருக்கு வேறு குக்கர்.

அவருக்கு இதன் அருமை தெரியவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனது வந்தது?

கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் பாலை இரண்டாகப் பிரிப்பேன். திக்கான பால் வீட்டுக்காரர் காபிக்கு, தண்ணீர் ஊற்றியது பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு. அது தப்பு என்றே பல வருடம் எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் என் ஆறு வயது மகள் அந்த அக்காவிடம், “உங்களுது அந்த டம்ளர், இது எங்களுது” என்றாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மகனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நல்ல சோறு என்பது தகுதி உள்ளவர்களுக்கு, வயதானால் அந்தத் தகுதி போய்விடும் என்று மூன்று வருடமாகத் தினம் இரண்டு வேளை பாடம் படிக்கிறான். பரோட்டா கடையில் அந்த வம்பு இல்லை. காசை வைத்தால் எல்லோருக்கும் ஒரே கல்லிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அவன் இதற்காகத்தான் அங்கே போகிறான் என்று நான் சொல்லவில்லை, பதினாலு வயதுப் பையனுக்கு சால்னா மணமே போதும். ஆனால் சோற்றைப் பற்றி அவனுக்குப் பாடம் எடுக்கிற உரிமை உங்களுக்கு இப்போது இல்லை.

கணவரையும் விடுவதாக இல்லை, இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். ஐயா, தனிக் குக்கரில் வேகிறது உங்கள் அம்மாவின் சோறு. தட்டை நகர்த்தத் தெரிந்த உங்களுக்கு, “அம்மாவுக்கும் இதையே வை” என்று நாலு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அம்மாவுக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கிறீர்களா? பெற்றவளுடைய தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்பது மருமகளின் வேலை மட்டும் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பு தவறு. மருமகள் அதைச் செய்தால் நல்ல மனசு. மகனுக்கு அது கடமை.

சரி அம்மா, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அறிவிப்பு, மன்னிப்பு, கண்ணீர் எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்கு அது கூச்சமாக இருக்கும். அடுத்த வேளையிலிருந்து ஒரே குக்கர், அவ்வளவுதான்.

மாப்பிள்ளைச் சம்பா கெட்டியான சிவப்பரிசி. ராத்திரியே ஊறப்போட்டுத் தண்ணீர் கூட விட்டு வேகவைத்தாலும் அவருடைய பல்லுக்குச் சரிப்படாமல் போகலாம், வயிறும் முரண்டு பிடிக்கலாம். சரிப்படாவிட்டால் தூயமல்லி வாங்குங்கள். அதுவும் பழைய நெல்தான், சன்னமாக இருக்கும், பூவாக வேகும். அதுவும் ஒத்துவரவில்லை, எனக்கு ரேஷன் புழுங்கல்தான் வேண்டும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னால், நாலு பேரும் அதையே சாப்பிடுங்கள். உங்கள் மாப்பிள்ளைச் சம்பா ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். வீட்டிலேயே மூத்தவருக்கு மெல்ல முடிகிற சோறுதான் அந்த வீட்டுச் சோறு. எங்கள் பாட்டி காலத்து வழக்கம் இது, நான் இன்றும் இதை விடவில்லை.

ஒரு எச்சரிக்கை. சிவப்பரிசியும் அரிசிதான், அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். அவர் மாத்திரை போடுகிறவர் என்பதால் சாப்பாட்டை மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துத் தராமல் அடையாகவோ களியாகவோ கொடுங்கள், கூடவே கீரையோ பருப்போ இருக்கட்டும். கூழ் மளமளவென்று இறங்கும், சர்க்கரையும் அப்படியே ஏறும்.

கல் பொறுக்குவதை இன்றோடு அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கண் மங்குகிற வயதில் வரகில் கல் தேடுவது லேசான வேலை இல்லை, கல்லும் வரகும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மாற்றி மாற்றி அரிக்க உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டி சொல்லித்தரட்டும், அவன் அரிக்கட்டும். அவன் அரித்த தானியத்தை அவனே வேண்டாம் என்று தள்ளுவானா என்று பார்க்கலாம்.

அப்புறம் அந்த நோட்டு. ஒரு நாளைக்கு ஐந்து என்றால் மூன்று வருடத்தில் ஐயாயிரத்துக்கு மேல் எழுதியிருப்பீர்கள். அதில் மாமியார் எத்தனை இடத்தில் வருகிறார் என்று இன்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை எனக்கு அனுப்ப வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். நோட்டை ஒரு மாதம் மூடிவைத்துவிட்டு, சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “அத்தை, நீங்க நட்டது என்ன நெல்லு?” என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லமாட்டார். “அதெல்லாம் எதுக்கு இப்ப” என்பார். மறுநாளும் கேளுங்கள். நெல்லின் பெயர், வயலின் பெயர், எத்தனை மரக்கால் கூலி, மதியம் வரப்பில் உட்கார்ந்து என்ன குடித்தார்கள், எல்லாம் ஒவ்வொன்றாக வரும்.

அந்த நெல்லின் பெயர் தெரிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். பரோட்டா விவகாரத்தை அப்போது பேசிக்கொள்ளலாம்.