மருந்துக்காக எலியையும் முயலையும் கொல்வது நியாயமா? கம்ப்யூட்டர் இருக்கும்போது இன்னும் எதற்கு?

சிங்கப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழுவில் வெளியாளாகச் சில ஆண்டுகள் இருந்தேன். நான் விஞ்ஞானி அல்ல, ஓய்வுபெற்ற ஆசிரியர். இங்கே 2004இல் வந்த விதிகளின்படி, விலங்குகளை வைத்து ஆய்வு செய்யும் நிறுவனம் இப்படி ஒரு குழு வைத்தாக வேண்டும். அதில் கால்நடை மருத்துவரும் இருக்க வேண்டும், நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

நியாயமா என்றால், வேறு வழி இல்லாதபோது மட்டும் என்பேன். நானே இன்சுலின் போட்டுக்கொள்பவன். 1921இல் டொரோன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை எடுத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தினமும் ஏற்றிக்கொண்டு முழுசாக எதிர்க்க எனக்கு வாய் வராது.

ஆனால் 'வேறு வழி இல்லை' என்பதை அவ்வளவு சுலபமாக நம்பிவிடாதீர்கள். விலங்குக்குப் பதில் வேறொன்று, இல்லையென்றால் குறைந்த எண்ணிக்கை, குறைந்த வலி: இதுதான் 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் எழுதி வைத்த வரிசை. குழுவில் நாங்கள் மணிக்கணக்கில் பேசியது பின்னிரண்டைப் பற்றித்தான். எத்தனை எலி, எந்த மயக்க மருந்து, எடை எவ்வளவு குறைந்தால் சோதனையை நிறுத்துவது. முதலாவதற்கு விண்ணப்பத்தில் ஒரு பத்தி இருக்கும். பெரும்பாலும் போன விண்ணப்பத்திலிருந்து வெட்டி ஒட்டியது!

ஊசி மருந்தில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காலத்தில் முயலுக்கு ஊசி போட்டு, காய்ச்சல் வருகிறதா என்று காத்திருப்பார்கள். பிறகு லாட நண்டு வந்தது, குதிரை லாடம் போன்ற ஓடு கொண்ட கடல் உயிரி. அதன் நீல ரத்தம் அந்த நச்சுப் பட்டதும் உறைந்துவிடும். முயல் தப்பியது, நண்டு மாட்டியது. பிடித்து, ரத்தம் எடுத்து, திரும்பக் கடலில் விடுவார்கள். ஒரு பகுதி செத்துப்போகும்.

நம் கிராஞ்சி, மண்டாய் சேற்றுப் பரப்பிலும் லாட நண்டு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் இருவரும் இந்த இன நண்டின் மரபணுவை எடுத்து, நச்சைக் கண்டறியும் புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். 1990களில் நடந்த வேலை. 2003இல் விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஐரோப்பிய மருந்துத் தரநூலில் (மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று வகுக்கும் அதிகாரபூர்வ நூல்) அதற்கெனத் தனிச் சோதனை முறை நடைமுறைக்கு வந்தது 2021இல்தான், அமெரிக்கத் தரநூலில் 2025இல். அதுவரை பெரும்பாலான கம்பெனிகள் நண்டையே நம்பின, ஏனென்றால் பழைய முறைக்கு அனுமதி சுலபம். மாற்று கையில் இருந்தும் இத்தனை வருஷம் ரத்தம் எடுத்ததற்கு அறிவியலைக் காரணம் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு மூலக்கூறு எதோடு ஒட்டும் என்று அது சொல்லும். ஆனால் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையை மருந்து என்ன செய்யும், நோய் எதிர்ப்புச் சக்தி அதற்கு எப்படி எதிர்வினை காட்டும் என்பதற்கு முழு உடம்பு இன்னும் தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்குச் சம்மதித்திருக்கிறேன், அரை மனசோடுதான். தோல் எரிச்சலைச் சோதிக்க முயல் வேண்டும் என்று வந்தால் சம்மதிக்க மாட்டேன். ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் மாதிரியை, பல நாடுகளுக்குப் பொதுவான சோதனை முறைகளை வகுக்கும் ஓஇசிடி அமைப்பு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.