வேலி போட்டும் பாத்தியைத் தோண்டுகிறதா? அடியைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 15 சென்டில் கேரட், பீட்ரூட், பீன்ஸ், கொஞ்சம் சர்க்கரைவள்ளி போட்டிருக்கிறேன் சார். போன வருஷம்தான் சுற்றிலும் 5 அடிக்கு செயின்லிங்க் வேலி அடித்தேன். மழை பிடித்ததிலிருந்து ராத்திரியில் ஏதோ உள்ளே புகுந்து பாத்தியெல்லாம் தோண்டிப் போடுகிறது. வேலியை இன்னும் 2 அடி உயர்த்தலாமா, இல்லை கரண்ட் வேலிதான் போடணுமா?

பதில்: வணக்கம் அண்ணா. உயர்த்த வேண்டாம், அந்தக் காசை அப்படியே வைத்திருங்கள். தோண்டுகிற பிராணி பெரும்பாலும் 5 அடி வேலியைத் தாண்டி வருவதில்லை, அடியில் பூந்துதான் வருகிறது. மலைச்சரிவில் செயின்லிங்க் அடித்தால் மேடு பள்ளத்தில் வலை தரையோடு ஒட்டாது, அதோடு ஒரு மழைக்காலம் போனால் தண்ணீர் ஓடுகிற இடத்திலெல்லாம் மண் அரித்து அரையடி சந்து விழுந்துவிடும். பன்றிக்கு அந்தச் சந்தில் மூக்கு நுழைந்தால் போதும், வலையைத் தூக்கிக்கொண்டு உடம்பையும் நுழைத்துவிடும்.

முதலில் வருவது யார் என்று தெரியணும். இன்றைக்குச் சாயங்காலம் வேலியோரம் சந்தேகமான மூன்று நான்கு இடத்தில் மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, அடுப்புச் சாம்பலோ மெல்லிய மணலோ தூவி வையுங்கள், விடிந்ததும் ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். பிளந்த குளம்பும் அதற்குப் பின்னால் இரண்டு சின்னப் புள்ளியும் இருந்தால் காட்டுப்பன்றி. அது தோண்டினால் ஏர் உழுத மாதிரி நீளமாக, அகலமாக மண் புரண்டு கிடக்கும். குழந்தையின் பாதம் மாதிரி தடம், நக முனையோடு, பக்கத்தில் முள் இழுபட்ட கோடு இருந்தால் முள்ளம்பன்றி. அது கிழங்கு இருக்கும் இடத்தைக் குறிவைத்துக் குழி பறிக்கும், பாதி கடித்த பீட்ரூட்டில் அகலமான பல் தடம் இருக்கும், சில நாள் ஒரு முள்ளையும் உதிர்த்துவிட்டுப் போகும். வளையும் வாயில் மண் குவியலும் இருந்தால் பெருச்சாளி, அதற்கு வேலி பேச்சே இல்லை, வளையைக் கண்டுபிடித்து மூடுவதும் பொறி வைப்பதும்தான். முயல் இலையைத்தான் சீவித் தின்னும், பாத்தியைப் புரட்டாது.

இன்னொன்று பாருங்கள், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பீன்ஸ் பாத்தியையும் தோண்டியிருக்கிறதா? பீன்ஸில் கிழங்கு ஏது? கேரட்டைப் பிடுங்கித் தின்னாமல் எறிந்துவிட்டு மண்ணை மட்டும் கிளறியிருந்தாலும் அதே கதைதான்: வந்தது காய்க்காக இல்லை, மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப்புழுவுக்காகவும் மண்புழுவுக்காகவும். கோடை மழை விழுந்ததும் வண்டு வெளியே வந்து முட்டை வைக்கும், அடுத்த சில மாதம் புழு வேரடியில் கொழுத்துக் கிடக்கும். சரியாக மக்காத சாணத்தைக் கொட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், புழுவையும் நாமே தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த கணக்கு. ஒரு பாத்தியில் ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள், அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப்புழு கையில் அள்ளுகிற மாதிரி இருந்தால், நன்றாக மக்கிய எரு 50 கிலோவில் அரைக் கிலோ மெட்டாரைசியம் (புழுவைக் கொல்லும் பூஞ்சாணப் பொடி) கலந்து, ஈரம் இருக்கும்போது 15 சென்டுக்கும் போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். அந்தச் சமயத்தில் மண்ணுக்குப் பூஞ்சாணக் கொல்லி எதுவும் ஊற்றாதீர்கள், மெட்டாரைசியமும் பூஞ்சாணம்தான், அதுவும் சேர்ந்து செத்துவிடும். உள்ளே தீனி குறையாமல் வெளியே எவ்வளவு பலமாக அடைத்தாலும் அது திரும்பத் திரும்ப வந்து இடம் தேடும்.

இனி வேலி. 1 அடி அல்லது ஒன்றரை அடி ஆழம் பள்ளம் எடுத்து வலையைப் புதைக்கச் சொல்வார்கள், சமவெளியில் அது சரி, ஏற்காட்டுப் பாறையில் கடப்பாறை போட்டால் நாலு இடத்தில் நெருப்புப் பொறிதான் பறக்கும். அதனால் தரையில் பாவாடை மாதிரி விரிப்பதுதான் உங்களுக்கு ஏற்றது. 3 அடி அகல வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), கனமான கம்பியாக, 2 இஞ்சுக்கு மேல் கண் இல்லாததாக வாங்கி, 1 அடியை ஏற்கெனவே இருக்கும் வேலியோடு கட்டுக்கம்பியால் நெருக்கமாகக் கட்டுங்கள், மீதி 2 அடியை வெளிப்பக்கம் தரையில் படுக்க வையுங்கள். உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம். பிராணி வேலி ஓரத்தில் வந்து நின்றுதான் தோண்டும், காலடியிலேயே கம்பி தடுக்கும், 2 அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. 15 சென்ட் சதுரமாக இருந்தால் சுற்று 320 அடிபோல வரும், அவ்வளவு மெஷ் போதும். 3 அடிக்கு ஒரு இடத்தில் வளைத்த கம்பி ஆணி அடித்து, மேலே கல்லை அடுக்கிவிடுங்கள், கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை. ஒரு மழையில் புல் முளைத்து மெஷ்ஷைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் கேட். என் தோட்டத்தில் சுற்றிலும் எல்லாம் பண்ணிவிட்டு கேட்டுக்கு அடியில் நாலு விரல் சந்தை விட்டேன், மூன்றாம் நாள் அதில்தான் முள்ளம்பன்றி பறித்துப் புகுந்தது. கேட்டுக்கு அடியில் பலகைக் கல்லோ கான்கிரீட்டோ போட்டேயாகணும். தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில் தனியாகக் கம்பி ஜன்னல் வையுங்கள். வேலியை ஒட்டி உண்ணிச்செடிப் புதர் இருந்தால் 10 அடிக்கு வெட்டிவிடுங்கள், பன்றி பகலில் அதற்குள்தான் படுத்திருக்கும்.

பழைய புடவை கட்டுவது, முடி தூவுவது, முட்டைக் கரைசல் எல்லாம் சில நாள் வேலை செய்யும், அப்புறம் பழகிவிடும். மெஷ் வேலை முடியும்வரை வேண்டுமானால் கட்டி வையுங்கள்.

கரண்ட் வேலி கேட்டீர்கள். லைனிலிருந்து நேராகக் கொக்கி போடுவதை நினைக்கவே நினைக்காதீர்கள் அண்ணா, செத்துப்போவது பக்கத்துத் தோட்டத்துக்காரராகவோ உங்கள் பிள்ளையாகவோ இருக்கும். சோலார் வேலி வேறு, அது விட்டு விட்டுத்தான் அதிர்ச்சி தரும், ஆனால் அதற்கும் 2023ல் தமிழக அரசு விதி கொண்டுவந்திருக்கிறது, பதிவு செய்யணும். பன்றிக்கு அரை அடியிலும் ஒன்றரை அடியிலும் இரண்டு கம்பி போதும், புல் தொடாமல் வாரம் ஒருமுறை வெட்டணும், இல்லாவிட்டால் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி), விஷம், சுருக்கு மூன்றும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிவிடும், அதைவிட முதலில் மாட்டுவது ஊர் நாயும் மேய்ச்சல் மாடும்தான். 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடுவதும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான், உங்கள் மலையில் பெரும்பாலான தோட்டம் காட்டை ஒட்டியே இருக்கிறது. சேதத்தை போட்டோ எடுத்து வனத்துறைக்கு மனு கொடுத்து வையுங்கள், இழப்பீட்டுக்கு அது வேண்டும்.

மெஷ் வாங்குவதற்கு முன்னால் சாம்பல் தடத்தை ஒரு போட்டோ எடுத்து, பக்கத்தில் தீப்பெட்டி ஒன்று வைத்து, அனுப்புங்கள். பெருச்சாளி என்றால் மெஷ் செலவே வேண்டாம்.