லீஃப் வண்டியில் ஏறுங்கள்

கேள்வி: குன்னூரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளை எழுதி அவர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். இருந்தும் வாரா வாரம் எதையாவது மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கையெழுத்தை நம்பி நானும் மாட்டியிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலை; சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் கணக்கு. நாற்பது பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரி: 'ஈர இலைக்கு எடையில் கழிவு உண்டு.' மேனேஜர் தலையாட்டினார். எல்லா மூட்டைக்கும் ஒரே சதவீதம் வைத்து முடித்துவிட்டேன்.

ஜூனில் மழை பிடித்தது. இலை எடுக்கும் கிளார்க் ஒரு பிடி இலையை அமுக்கிப் பார்த்து, மூட்டைக்கு மூட்டை வேறு கழிவு போடுகிறார்! என் திரையில் அதற்கு இடமே இல்லை. மனிதர் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார். 'கஸ்டமர் மாற்றிவிட்டார்' என்று நான் புலம்பினேன். அவர் எங்கே மாற்றினார்? இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறார். நான்தான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் விவசாயிகளிடம் இலை எடுக்கப் போகும் லீஃப் வண்டியில் ஏறி ஒருநாள் முழுக்கச் சுற்றிவிட்டு வாருங்கள், மழை நாளாகப் பார்த்து. (குடை போதாது, ரெயின்கோட் வேண்டும்.)

அப்புறம் எழுதும் விதம். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 830 என்ற 1998ஆம் வருடத் தரநிலை, தேவை ஆவணத்துக்கு எட்டு குணங்கள் சொன்னது. இப்போது அதன் இடத்தில் வேறொன்று வந்துவிட்டது, போகட்டும். எட்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எழுதியதைச் சரிபார்க்க முடிய வேண்டும். 'கழிவு உண்டு' என்பதில் எதைச் சரிபார்ப்பது? '27 கிலோ மூட்டை, 8 சதவீதக் கழிவு, ரசீதில் 24.84 கிலோ' என்று எழுதிக் காட்டுங்கள். "புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கமா? இங்க அரைக் கிலோ கணக்குதான் தம்பி" என்று கிளார்க்கே திருத்துவார்.

நிஜமான மாற்றங்களும் வரும். தேயிலை வாரியம் மாதாமாதம் இலை விலை அறிவிக்கும் முறையை மாற்றினால் நீங்களும் மாற்றத்தான் வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, கேட்டவர், காரணம், இதனால் தள்ளிப்போகும் வேலை. கடைசிக் கட்டத்தை அவர்களே தங்கள் கையால் நிரப்பட்டும். எங்கள் கோத்தகிரித் தொழிற்சாலை முதலாளி செல்போனில் தினமும் கலர் கிராஃப் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நோட்டை நீட்டினோம். தள்ளிப்போவது ரசீது பிரிண்ட் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிட்டு, "கிராஃப் தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.