வேட்டியில பிரியாணி எண்ணெய்

கேள்வி: அக்கா, போன வாரம் ஆம்பூர்ல ஒரு கல்யாணம், எங்க வீட்டுக்காரர் வெள்ளை காட்டன் வேட்டியில பிரியாணியும் கத்திரிக்கா தொக்கும் கொட்டிகினு வந்துட்டாரு. சோப்பு போட்டதும் கறை செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, மெஷின்ல ரெண்டு வாட்டி போட்டும் எண்ணெய் திட்டு போவல. பவுடர் இன்னும் கூட போடணுமா? - குடியாத்தம் வாசகி

பதில்: சிவந்ததுக்கு பயப்படாதம்மா, அது மஞ்சத்தூள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா சிவக்குதில்ல, சோப்போட காரம் பட்டாலும் அதேதான். அந்தத் திட்டுல எண்ணெயும் இருக்கு மஞ்சளும் இருக்கு, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, முதல்ல எண்ணெய எடுக்கணும்.

வேட்டி நல்லா காஞ்சிருக்கணும், காட்டன் தண்ணிய உறிஞ்சிக்கும், நனைச்சிட்டு போட்டா லிக்விட் நீர்த்துப் போயிடும். அதனால காஞ்ச துணியிலயே பாத்திரம் தேய்க்கிற லிக்விட் நாலு சொட்டு விட்டு விரலால நீவி கால் மணி நேரம் விட்டுடு. அப்புறம் கை பொறுக்குற சூட்டுல தண்ணி, 40 டிகிரி போதும், கொதிக்க கொதிக்க ஊத்தினா பவுடர்ல இருக்கிற கொழுப்ப உடைக்கிற என்சைம் செத்துடும், காசும் தண்டம்.

பவுடர் கூட போடறது வேலைக்கு ஆவாது. நம்ம பக்கத்து போர் தண்ணி பாதி இடத்துல உப்பு, அதுல இருக்கிற கால்சியம் சோப்போட சேர்ந்து பிசுக்கா துணியிலயே ஒட்டிக்கும், நீ அள்ளி அள்ளி சோப்பு போடுற, அது அள்ளி அள்ளி பிசுக்கு குடுக்குது! சோப்பு போடறதுக்கு முன்னாடி பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா கலந்துடு, கால்சியம் அடங்கிடும், எண்ணெயும் கொஞ்சம் இளகும். அந்தக் காலத்துல துணி வெளுக்கிறவங்க உவர்மண்ணுல முக்கி வெள்ளாவி வெச்சதும் இதே சோடா காரத்துக்காகத்தான், அவங்க கெமிஸ்ட்ரி படிச்சுட்டா பண்ணாங்க? கலர் லுங்கியா இருந்தா ஓரத்துல டெஸ்ட் பண்ணிட்டு போடு, பட்டுக்கு சோடாவே வேணாம்.

திட்டு போச்சான்னு வெளிச்சத்துல புடிச்சு பாக்காம அயர்ன் மட்டும் பண்ணிடாத, சூடு பட்ட எண்ணெய் நூலோட இறுகி பழுப்பாயிடும், அப்புறம் நான் வந்தாலும் எடுக்க முடியாது. மிச்சம் இருக்கிற மஞ்சளுக்கு ஈரத்தோட நல்ல வெயில்ல விரிச்சு போடு, வெளிச்சத்துல மஞ்சள் தானா வெளுத்துடும். வருஷம் பூரா திட்டுற நம்ம வேலூர் வெயிலு இதுக்காவது உதவட்டும்.