மீத் அணியின் சரிவு: நாற்றங்காலில் இருந்து பார்த்தவனின் பதில்

"ஏழு முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற மீத் கவுண்டியின் கேலிக் கால்பந்து அணி 1999-க்குப் பிறகு ஏன் ஒருமுறைகூட வெல்லவில்லை? இளையோர் பயிற்சியில்தான் குறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (கவுண்டி என்பது அயர்லாந்தில் மாவட்டம் போன்ற பிரிவு; கேலிக் கால்பந்து கையாலும் காலாலும் ஆடும் அந்நாட்டு ஆட்டம்.) கேள்வியின் பிற்பகுதியைப் படிக்கும்போது, உங்கள் வீட்டிலும் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான் என்றும், ஏதோ ஒரு தேர்வுப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த மண்ணில் பிறந்தவன் அல்லன். 2008-இல் மீத்தின் நவன் நகருக்கு வேலைக்கு வந்தவன். இந்த ஆட்டத்தை ஆடியதும் இல்லை. மகன் பிறந்து, அவன் ஆறு வயதில் கிளப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, கூம்புகளை அடுக்கவும் பந்துப் பையைச் சுமக்கவும் ஆள் இல்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏழு ஆண்டுகள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவனின் கருத்து இது. "இவனுக்கு என்ன தெரியும்" என்று எழுத வருகிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ளட்டும்.

சரிவு எங்கே தொடங்கியது என்பதில் உள்ளூர்ப் பெரியவர்கள் ஒரே குரலில் 2001-ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு அரையிறுதியில் கெர்ரியை 15 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கிய மீத், இறுதியில் கால்வேயிடம் 9 புள்ளியில் தோற்றது. 1982 முதல் 2005 வரை 23 ஆண்டுகள் அணியை நடத்தி, அதற்குள் நான்கு பட்டங்கள் வாங்கித் தந்த மூலிகை வைத்தியர் ஷான் பாய்லன் விலகிய பின், இருபது ஆண்டுகளில் எட்டு மேலாளர்கள் வந்திருக்கிறார்கள். 2010-இல் லென்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்ற மேலாளரையே, வென்ற அதே ஆண்டில் கிளப் பிரதிநிதிகள் வாக்களித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். (லவுத் அணிக்கு எதிரான அந்த இறுதியாட்டத்தின் கடைசி நிமிட கோல் முறையற்றது என்பது ஊரறிந்தது, அதை இங்கே யாரும் விரும்பிப் பேசுவதில்லை.) அதன் பிறகு 2019 லென்ஸ்டர் இறுதியில் டப்ளினுக்கு எதிராக மொத்த ஆட்டத்திலும் நான்கே புள்ளிகள், அடுத்த ஆண்டு அதே டப்ளினிடம் 21 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி.

டப்ளினைக் காரணம் காட்டுவது இங்கே வழக்கம். அவர்களுக்குப் பயிற்சிக்கென்று தனி நிதி கிடைத்தது, சம்பளப் பயிற்சியாளர்கள் பள்ளிகளிலும் கிளப்களிலும் வேலை செய்தார்கள், 2011 முதல் 2024 வரை தொடர்ந்து 14 லென்ஸ்டர் பட்டங்களை அள்ளினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பரப்பளவில் அயர்லாந்தின் மிகச் சிறிய கவுண்டியான லவுத், 2025-இல் மீத்தையே இறுதியில் வீழ்த்தி, 1957-க்குப் பிறகு முதல்முறையாக லென்ஸ்டரை வென்றதே, அதற்கு என்ன சொல்வது? ஆள் பற்றாக்குறை என்றும் சொல்ல முடியாது. 1996-இல் சுமார் 1,10,000 பேர் இருந்த மீத்தில் 2022 கணக்கெடுப்பின்படி 2,20,000-க்கு மேல் இருக்கிறார்கள். ரட்டோத், ஆஷ்போர்ன், டன்பாய்ன் ஆகிய ஊர்களின் மைதானங்களில் சனிக்கிழமை காலையில் நிற்க இடம் இருக்காது. பிள்ளைகள் வருகிறார்கள். பதினான்கு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் அவர்களை நாம்தான் இழக்கிறோம்.

பன்னிரண்டு வயது வரை எல்லாரும் ஆட வேண்டும், வெற்றி தோல்விக்குக் கோப்பை கிடையாது என்பது இந்த ஆட்டத்தை நடத்தும் சங்கத்தின் விதி, நல்ல விதி. அது முடிந்த கையோடு கவுண்டியின் டெவலப்மென்ட் ஸ்குவாடு எனும் இளையோர் பயிற்சிக் குழுவுக்கான தேர்வு வருகிறது. என் மகன் 2009 நவம்பரில் பிறந்தவன். அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவர்களோடு ஒரே வயதுப் பிரிவில் நிற்க வேண்டும். 2023-இல் அவன் தேர்வுக்குப் போனபோது, எதிரில் நின்ற பையனின் தோளுக்குத்தான் அவன் தலை எட்டியது. இரண்டு கால்களாலும் உதைப்பான். பந்து வரும் முன்பே அது எங்கே விழும் என்று தெரிந்து நிற்பான். நாற்பது நிமிடம் ஓடவிட்டு, எண் எழுதிய சட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "வாரக் கடைசியில் தகவல் வரும்" என்றார்கள். வந்த தகவல் இரண்டு வரி. எதில் குறை, எதை வளர்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த ஆண்டு மறுபடி வரலாமா என்று ஒரு சொல் இல்லை. வீட்டில் அதைப் படித்துக் காட்டச் சொன்னான், படித்தேன், "சரிப்பா" என்று மாடிக்குப் போய்விட்டான்.

பிள்ளையை எடுக்கவில்லை என்ற ஆத்திரத்தில் ஒரு தகப்பன் புலம்புகிறான் என்று சொல்வீர்கள். பாதி உண்மை. அந்தத் தேர்வாளர்களும் சம்பளமில்லாமல், மழையில் நின்று வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருவரையும் நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நான் கேட்பது இதுதான்: பதினான்கில் உயரமாக இருப்பவனைக் கொண்டு அந்த வயதுப் போட்டியை வெல்லலாம், மற்றவர்கள் வளர்ந்து முடித்த பிறகு அவனுக்கு என்ன மிச்சம்? விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியது போல இருக்கிறது. 2021-இல் மீத்தின் மைனர் (பதினேழு வயதுக்குட்பட்டோர்) அணி அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது, நவன் நகரமே இனி நல்ல காலம் என்று பேசியது. 2023-இல் மூத்தோர் அணி, அதாவது கவுண்டியின் முதன்மை அணி, முதல் நிலைப் போட்டிக்குத் தகுதி பெறாமல் இரண்டாம் நிலையான டெயில்டன் கோப்பையில் ஆடியது. அதை வென்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே கவுண்டியின் பெண்கள் அணியைப் பாருங்கள். மூத்தோர் பிரிவுக்கு அடுத்த படியான இடைநிலைப் பிரிவில் 2018 இறுதியில் தோல்வி, 2019 இறுதியில் மறுபடி தோல்வி. மேலாளரை மாற்றவில்லை, 2020-இல் இடைநிலைப் பட்டம், 2021-இல் நான்காண்டு அசைக்க முடியாதிருந்த டப்ளினை வீழ்த்தி மூத்தோர் பட்டம், 2022-இல் மீண்டும் அதே பட்டம். பொறுமை இந்த ஊருக்குத் தெரியாத ஒன்றல்ல.

2025-இல் ஆண்கள் அணி டப்ளினையும் கால்வேயையும் வென்று அரையிறுதி வரை போனதைக் காட்டி, "சரிவு முடிந்துவிட்டது" என்று யாராவது பின்னூட்டம் இடுவார்கள். நானும் மகிழ்ந்தேன், தொண்டை கட்டும் வரை கத்தினேன். ஆனால் அரையிறுதியில் டொனகால் 20 புள்ளி வித்தியாசத்தில் ஓட்டியது.

என் மகனுக்கு இப்போது பதினாறு. இரண்டு ஆண்டுகளில் என்னைவிட உயர்ந்துவிட்டான். கூடைப்பந்து ஆடுகிறான். கால்பந்துக் கிளப்பில் இருந்து ஒருவரும் அழைக்கவில்லை. உங்கள் பையன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால், பட்டியலை விடுங்கள். உங்கள் கிளப்பில் இரண்டாம் அணிக்கு இந்த ஆண்டு எத்தனை ஆட்டங்கள் வைத்திருக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள்.