எஸ்.ஜானகியின் பிற்காலப் பாடல்கள்: கேள்விகளும் பதில்களும்

மெல்லிசைக் கச்சேரிகளில் முப்பது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். ஜானகி அம்மாவின் பாடல்களை எத்தனையோ பாடகிகளுக்கு வாசித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ‘சிங்கார வேலனே தேவா’ கேட்டுவிட்டு ‘நெஞ்சினிலே’ கேட்டால் குரல் போய்விட்டது போலத்தானே இருக்கிறது?

பதில்: குரல் மாறியது, போகவில்லை. ‘சிங்கார வேலனே’ இடம்பெற்ற ‘கொஞ்சும் சலங்கை’ படம் வந்தது 1962இல். அப்போது அம்மாவுக்கு 24 வயதுகூட ஆகவில்லை. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் ஓடுகிற ஓட்டத்துக்கு ஈடாகக் குரலும் சுரம் பாட வேண்டும். இன்றும் அந்தப் பாட்டை எடுக்கிற பெண்கள் ஒத்திகையில், “சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கலாமாண்ணா?” என்று மெதுவாகக் கேட்பார்கள். ‘நெஞ்சினிலே’ வந்த ‘உயிரே’ படம் 1998, அம்மாவுக்கு அறுபது. வயதானால் மூச்சு குறையும், மேல் ஸ்தாயி மெலியும். எந்தத் தொண்டையும் அதற்கு விலக்கல்ல. ஆனால் சொல்லை எங்கே அழுத்துவது, எங்கே விட்டுவிடுவது என்கிற கணக்கு அந்த வயதில்தான் கூர்மையானது. ‘நெஞ்சினிலே’ பல்லவியில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதே, ஒவ்வொரு முறையும் எடை வேறு. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: விருதெல்லாம் பழைய பாடல்களுக்குத்தானே கிடைத்தது?

பதில்: இல்லை. தேசிய விருது நான்கு முறை. முதலாவது ‘16 வயதினிலே’யின் ‘செந்தூரப் பூவே’க்கு. அடுத்து மலையாளத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. கடைசியாக வாங்கிக் கொடுத்தது 1992இல் வந்த ‘தேவர் மக’னின் ‘இஞ்சி இடுப்பழகா’. அப்போது வயது 54. அதில் உச்ச ஸ்தாயிச் சாகசம் ஒன்றும் கிடையாது. புதுப்பெண்ணின் கூச்சம் மட்டும்தான், அதுவும் மூச்சுக்காற்றிலேயே.

கேள்வி: ரகுமான் இசையில் அவர் குரல் வேறு மாதிரி கேட்கிறதே, ஏன் சார்?

பதில்: பாதிக் காரணம் ஒலிப்பதிவு. எழுபதுகளில் வாத்தியக்காரர்களும் பாடுகிறவர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து பதிவு செய்வார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தப் படபடப்பு பாட்டில் உயிராக இருக்கும். பிறகு டிராக் முறை வந்தது. பாடகி தனியாக மைக் முன் நின்று பாட, மிக்ஸிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். ‘சங்கமம்’ படத்தின் ‘மார்கழித் திங்களல்லவா’வில் குரல் காதருகே நின்று பேசுவது போல இருப்பது அதனால்தான்.

கேள்வி: குழந்தைக் குரலில்கூடப் பாடினாராமே?

பதில்: ஆமாம், ‘மௌன கீதங்கள்’, 1981. ‘டாடி டாடி’.

கேள்வி: பிற்காலத்தில் உங்களுக்குப் பிடிக்காதது எதுவுமே இல்லையா?

பதில்: உண்டு. சில துள்ளல் பாட்டுகளில் இருபது வயதுக் குரலை வலிந்து வரவழைத்திருப்பார்கள். அங்கே கீச்சு தட்டும். அது பாட்டைக் கொடுத்தவர்களின் தவறு என்பேன்.

கேள்வி: ‘வேலையில்லா பட்டதாரி’ பாட்டு பற்றி?

பதில்: ‘அம்மா அம்மா’, 2014. இறந்துபோன தாயின் குரலாக 76 வயதில் பாடினார். குரல் நடுங்கும், அந்த இடத்துக்கு அந்த நடுக்கம்தான் வேண்டும். போன வருடம் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு அதை ஒத்திகை பார்த்தோம். எங்கள் பாடகி நல்ல சுத்தமான குரல்காரி. அந்த நடுக்கத்தைக் கொண்டுவரப் பார்த்து மூன்று தடவை நிறுத்திவிட்டார். “நடுக்கம் வேணாம்மா, நேரா பாடு” என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தேன்.